வார்ப்பில் உள்ள இரண்டு பெயர்கள்

தம்பி,

இன்று நவம்பர் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. உனக்குப் பதினெட்டு முடிந்து ஐந்து மாதம் ஏழு நாள் ஆகிறது. மிச்சம் இருபத்து நான்கு நாள். எதற்கு மிச்சம் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. அடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே நம் குடும்பத்தை அலசுகிறவர்களும் படிக்கட்டும். உன் அம்மா படித்துவிட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். மலை மேல் செம்மேட்டில் நம் பட்டறை, அடிவாரத்தில் இரும்பு வார்க்கும் நம் பவுண்டரி, இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம். கூட்டாளிகள் இரண்டு பேர்: உன் அம்மா, நான். உன் அப்பா இறந்தபோது உனக்குப் பதினொரு வயது. மைனரைக் கூட்டாளியாகச் சேர்க்கச் சட்டம் விடாது, லாபத்தில் மட்டும் பங்கு கொடுக்கலாம். அப்படித்தான் உன்னைச் சேர்த்தோம். இப்போது நீ மேஜர். பதினெட்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் ‘நான் கூட்டாளி ஆகிறேன்’ என்றோ ‘ஆகவில்லை’ என்றோ ஊரறியச் சொல்ல வேண்டும். பதிவாளருக்கு ஒன்று, அரசிதழில் ஒன்று, தமிழ்ப் பேப்பரில் ஒன்று. எதுவும் சொல்லாமல் இருந்தால் எதுவும் ஆகாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை. ஆறு மாதம் முடிகிற நாளில் நீ தானாகவே கூட்டாளி ஆகிவிடுவாய். அன்றிலிருந்து மட்டும் அல்ல, பதினொரு வயதில் உன்னைச் சேர்த்த நாளிலிருந்து நாங்கள் செய்த எல்லாவற்றுக்கும் நீயும் பொறுப்பு. மின்சார உலை வாங்க இப்போது பேங்கில் கடன் கேட்டிருக்கிறோம். நாளைக்கு அது நின்றுபோனால், படித்து முடித்து நீ வாங்கப்போகும் ஸ்கூட்டர் வரைக்கும் வந்து நிற்பார்கள். நாமக்கல்லில் நம் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் இதை எனக்கு மூன்று தடவை விளக்கினார். மூன்றாவது தடவை நான்தான் அவருக்கு விளக்கினேன்.

போனில் கேட்டால் ‘பாக்கலாங்க’ என்கிறாய். லீவுக்கு வந்தபோது கேட்டேன், மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஆடிட்டர் அனுப்பியதை உனக்கு அனுப்பினேன், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு படம் வந்தது. சட்டத்தில் கட்டைவிரலுக்கு மதிப்பு உண்டு, மையில் தொட்டு வைத்தால். எனக்குப் பொறுமை கிடையாது, அது உனக்கே தெரியும். ஆனால் இதில் நீ பேசாமல் இருப்பதற்கு என்ன காரணம் என்று எனக்குப் புரிகிறது. வேண்டாம் என்றால் செத்துப்போன அப்பாவை வேண்டாம் என்றதாக ஆகிவிடும் என்று நினைக்கிறாய். வேண்டும் என்றால் உன் படிப்பு, உன் வேலை எல்லாவற்றின் மேலும் பவுண்டரி வந்து உட்கார்ந்துவிடும். நடுவில் நான் ஒருவன் நிற்கிறேன். அதனால் இந்தக் கூட்டு எப்படித் தொடங்கியது என்று உனக்குச் சொல்ல வேண்டும். உன் அப்பா சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொன்னால் எல்லாக் கதையிலும் அவரே ஜெயிப்பார்.

டிப்ளமோ முடித்து கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு மலைக்குத் திரும்பினேன். இங்கே காப்பிச் செடி போட்டவர்கள் எல்லோரும் பழத்தின் தோலை உரிக்க மிஷின் இல்லாமல் பழத்தை அப்படியே காயவைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மலையின் பைல் நாட்டு ஊர் ஒன்றில் ஒரு பழைய எஸ்டேட் கொட்டகையில் வெள்ளைக்காரன் காலத்து மிஷின் ஒன்று நின்றது. கையால் சுற்றுவது. இரண்டு பக்கமும் வார்ப்பு இரும்புச் சட்டம், நடுவில் செப்புத் தகடு அடித்த உருளை, உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பழம் நசுங்கி, தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் விழும். சட்டத்தின் மேல் வளைவில் இரண்டு ஆட்களின் பெயர், ஆங்கிலத்தில், புடைத்த எழுத்தில். அதன் கீழே ஒரு ஊரின் பெயர். அந்தச் சட்டத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். அடிவாரத்தில் சாக்கடை மூடியும் கேட்டுக் கம்பியும் வார்த்துக்கொண்டிருந்த ஒரு பவுண்டரிக்குள் போனேன். அங்கே இருந்தவர் உன் அப்பா.

சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். சத்தத்தைக் கேட்டார். “நல்ல இரும்பு. இதையே மணல்ல வெச்சு அடிச்சுப்போட்டா அச்சு வந்துரும். மரத்துல மாதிரி தனியா செய்யறதுக்கு ஆசாரிய எங்க போய்த் தேடறது?” என்றார்.

“அண்ணே, இரும்பு ஆறுறப்பச் சுருங்கும். நூறுக்கு ஒண்ணு. இதையே வெச்சு அச்செடுத்தா வர்றது சின்னதாத்தான் வரும்.”

“தம்பி காலேஜா?”

“டிப்ளமோங்க.”

“அதான். சட்டத்தைத் தட்டித் தட்டி வெளிய எடுக்கையில மணல் வெலகி எடம் பெருசாகும். சுருங்கறது அங்க, பெருகறது இங்க. சரியாப் போயிரும்.”

அவர் சொன்னதும் பொய் இல்லை. தட்டினால் அச்சு விலகத்தான் செய்யும். எவ்வளவு விலகும் என்று அவரும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை. முதல் மிஷினை ஆலத்தூர் நாட்டில் ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பழத்தைக் கொட்டிச் சுற்றினோம். உருளைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி மூன்று மில்லி குறைந்திருந்தது. தோலோடு கொட்டையும் நொறுங்கி விழுந்தது. தோட்டக்காரர் கீழே இருந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். “பரவாயில்லீங்க. வறுக்கவும் வேண்டாம், அரைக்கவும் வேண்டாம். நேரா பொடியாவே வருது” என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நூறுக்கு ஒன்று என்று நான் சொன்னதை அவர் அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. இறங்கும் வழி முழுக்க, “தட்டினது பத்தலை” என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுவாரம் அவரே போய் ஆசாரியைப் பிடித்துவந்தார். மரத்தில் புது மாதிரி செய்தோம், சுருங்குவதற்கு இடம் விட்டு. மிஷின் சரியாக ஓடியது. ஆனால் வாங்க ஆள் இல்லை. பழைய சட்டத்தை வைத்து அச்செடுத்த முதல் ஆறு சட்டங்களிலும் அந்த இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயரும் அப்படியே வந்திருந்தது. உரசி எடுக்கலாம் என்றேன். ‘எழுத்தை எடுத்தா மிஷினுக்கு மூஞ்சி போயிரும்’ என்று உன் அப்பா விடவில்லை. இப்போது மலையில் எல்லோரும் அந்த எழுத்துள்ள மிஷினைத்தான் கேட்டார்கள். புதுசு மொட்டையாக நின்றது. ஆலத்தூர் நாட்டுத் தோட்டக்காரருக்கு, கொட்டையைப் பொடியாக்கிக் காட்டிய அதே மிஷினை நான் அரம் போட்டுச் சரிசெய்து கொடுத்திருந்தேன். அவரே வந்து, “என்ற மச்சானுக்கும் ஒண்ணு வேணும், ஆனா இங்கிலீஷ் எழுத்துப் போட்டதாக் குடுங்க” என்றார். நான் கத்தினேன். அடுத்தவன் பெயரைப் போட்டு விற்பது திருட்டு என்றேன். உன் அப்பா, “செத்து நூறு வருசமாச்சு, அவிய வந்து கேக்கவா போறாங்க” என்றார். இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. அவர் கீழே, நான் மேலே, அதனால் பேசாமல் இருப்பது சுலபம்.

மூன்றாவது நாள் லாரியில் ஒரு சட்டம் வந்து இறங்கியது. மேல் வளைவில் தமிழ் எழுத்தில் அவர் பெயர், அதன் கீழே என் பெயர். என்னைக் கேட்காமலே செய்திருந்தார். எழுத்து கொஞ்சம் கோணல். அதைக் கொண்டுபோய்த் தோட்டக்காரரின் மச்சானிடம் காட்டினோம்.

“இது யாருங்க ரெண்டு பேரு?”

“நாங்கதாங்க” என்றார் உன் அப்பா.

“உங்க பேரப் போட்டா எனக்கு என்ன லாபம்? நாளைக்கு ரிப்பேருன்னா உங்க ரெண்டு பேரையும்தான் வந்து புடிப்பேன்.”

“அதுக்குத்தானுங்க போட்டிருக்குது.”

அவர் வாங்கினார். அப்புறம்தான் நாமக்கல் போய் முறையாகக் கூட்டுப் பத்திரம் எழுதினோம். அதில் நிறைய எழுதியிருக்கிறது. ஆனால் கூட்டாளி என்றால் என்ன என்று கேட்டால் உன் அப்பா மச்சானுக்குச் சொன்ன அந்தப் பதில்தான் எனக்குத் தெரிந்த பதில். மிஷின் கெட்டால் வந்து பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான் என்று தானே முன்வந்து சொல்வது. இன்னொருவர் சொல்லி ஆக முடியாது. காலண்டரில் ஒரு தேதி வந்ததால் ஆகிவிடவும் கூடாது.

நான்கு வருஷம் சேர்ந்து ஓட்டினோம். அப்புறம் ஒரு மதியம் உலைக்குக் கரி எடை போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டே கூட்டாளிகள் இருந்த நிறுவனத்தில் ஒருவர் இறந்தால் அன்றோடு அந்தக் கூட்டு முடிந்தது என்பது சட்டம். நான் மலையில் தனியாகப் பட்டறை வைத்துக்கொள்ளலாம், உன் அம்மா பவுண்டரியை விற்றுவிடலாம். சொந்தக்காரர்கள் அதைத்தான் சொன்னார்கள். உன் அம்மா பதினாறாம் நாள் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, உலை எத்தனை நாள் ஆறிக் கெடக்கலாம்?” என்று கேட்டாள். ரொம்ப நாள் விட்டால் உள்ளே பூச்சு வெடிக்கும் என்றேன். “அப்பப் பத்தவைங்க” என்றாள். அப்படித்தான் இரண்டாவது கூட்டு. கணக்கை அவள் பார்த்தாள், மணலையும் அவளே பார்க்கக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் கைப்பிடி மணலை அழுத்தி உடைத்துப் பார்த்து ஈரம் சொல்வதில் எனக்கு அவள் மேல் நம்பிக்கை அதிகம், என் மீட்டர் மேல் குறைவு.

மூன்று வருஷம் கழித்து நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். அப்போது உனக்குப் பதினான்கு, எனக்கு முப்பது, அவளுக்கு முப்பத்தைந்து. எங்கள் மலையில் இது பெரிய விஷயம் இல்லை, கணவனை இழந்தவள் மறுபடி கட்டிக்கொள்வது காலங்காலமாக நடப்பதுதான். அடிவாரத்தில்தான் வாய் ஓயவில்லை. நம் மூன்று பேருக்கும் ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல்தான் வந்தது. அதுவரை உன் அம்மா என்னைத் தம்பி என்றாள், நான் அவளை அக்கா என்றேன், நீ என்னை அண்ணே என்றாய். மூன்றும் ஒரே நாளில் செல்லாமல் போனது. கோயிலில் தாலி கட்டி முடித்ததும் நீ லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தாய். டிரைவரிடம், “இனி இவரை நான் என்னன்னுங்க கூப்பிடறது?” என்று கேட்டாயாம். அவர், “பத்து நாள் எதுவும் கூப்பிடாத. அதுவா ஒண்ணு வந்துரும்” என்றாராம். நான்கு வருஷம் ஆகிறது, எதுவும் வரவில்லை. ஏனுங்க என்று தொடங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறாய். நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது வேலைக்குப் போதுமானதாக இருக்கிறது. நானும் உன்னை அன்று போலத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன், பார்.

இப்போது அந்த இரண்டு வெள்ளைக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குப் பதினெட்டு நெருங்கும்போது, ஆடிட்டர் முதல் தடவை இந்த ஆறு மாதக் கதையைச் சொன்னபோது, மிஷினில் இருந்த பெயரை வைத்து நெட்டில் தேடினேன். அந்த ஊரில் நூலகராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அவர்களைப் பற்றி நீளமாக எழுதிப் போட்டிருந்தார். பெயர்களை இங்கே எழுதவில்லை, பேரன் பேத்திகள் எங்கேயாவது இருப்பார்கள். விக்டோரியா ராணி காலம். ஒருவர் இரும்பு வார்ப்பவர், சமையல் பானையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கம்பி வேலியும் வார்த்துக்கொண்டிருந்தவர். இன்னொருவர் நூற்பாலையில் பிட்டராக இருந்து தானே ஒரு லேத் செய்துகொண்டு வெளியே வந்தவர். ஒருவருக்குக் கடையத் தெரியாது, மற்றவருக்கு உருக்கத் தெரியாது. கால்வாய் ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டு, ‘மிஷின் செய்பவர்கள், இரும்பு வார்ப்பவர்கள்’ என்று பலகை மாட்டினார்கள். முதலில் கரும்பு ஆலை, பிறகு இலங்கைக்குக் காப்பி மிஷின், அங்கிருந்து நம் மலைகளுக்கு. வார்ப்பவர் கனம் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு மூலை வரை ஓடாது என்பார். மிஷின்காரர் கனத்தைக் குறை, கப்பல் கூலி ஏறும் என்பார். படித்தபோது எனக்கு அடிவாரத்துக்குப் போன் போட்டு உன் அப்பாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது இது: எந்தத் துண்டும் இரண்டு ஆள் தூக்கும் எடைக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் இந்த மிஷின் போகும் இடங்களில் ரோடு இருக்காது. கனத்தைக் குறைக்காமல் சட்டத்தை இரண்டாக்கிப் போல்ட்டு போட்டுச் சேர்த்தார்கள். கொண்டை ஊசி வளைவுகள் போட்டு மலைக்கு ரோடு வருவதற்கு முன்னால் அந்த இரும்பு எப்படி மேலே ஏறியது என்று சின்ன வயதில் நான் யோசித்ததற்குப் பதில் அது.

மீதியை நான் இரும்பிலேயே பார்த்திருக்கிறேன். இந்த மலையில் அவர்கள் மிஷின் மூன்று இருக்கிறது, மூன்றையும் நான் பழுது பார்த்திருக்கிறேன். முதலாவதில் இரண்டு பெயர், குறையே சொல்ல முடியாத வார்ப்பு. இரண்டாவதில் ஒரே பெயர், வார்ப்பவருடையது, பின்னால் ‘மகன்’ என்று சேர்த்திருக்கிறது. மிஷின்காரரின் பெயரை மாதிரியிலிருந்து செதுக்கி எடுத்த தடம் விரலால் தடவினால் தெரியும். மூன்றாவது, மகன் நடத்திய கடைசிக் காலத்தது. பெயின்டைச் சுரண்டினால் காற்று நின்ற ஓட்டைகள். அதில் மெழுகையும் இரும்புத் தூளையும் குழைத்து அடைத்து, மேலே கறுப்படித்து, கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மகனை மோசக்காரன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நூலகர் எழுதியிருப்பது வேறு. அப்பா இறந்தபோது மகன் சிறுவன். பெரியவனானதும் நீ இதைச் செய்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை, செய்ய மாட்டேன் என்று அவனும் சொல்லவில்லை. மிஷின்காரர் கொஞ்ச காலம் பார்த்துவிட்டுப் பிரிந்து போய்விட்டார். மகனுக்குச் செடி வளர்ப்பதில்தான் ஆசை. பவுண்டரிக்குப் பின்னால் கண்ணாடி வீடு கட்டி அதில் பெரணிச் செடி வைத்திருந்தான். அந்தக் கண்ணாடி வீட்டின் இரும்புச் சட்டங்களை அவனே வார்த்தான், இன்றைக்கும் அந்த ஊர்ப் பூங்காவில் நிற்கிறது. படம் போட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். விரல் தடிமன் கம்பி, இலை இலையாக வேலைப்பாடு, ஒரு இடத்தில்கூடக் குறை இல்லை. அவனுக்கு வார்க்கத் தெரியாமல் இல்லை. முப்பது வருஷம் வேண்டா வெறுப்பாகக் காப்பி மிஷின் வார்த்தான், அவ்வளவுதான். நிறுவனம் மூழ்கியபோது கண்ணாடி வீட்டையும் சேர்த்துத்தான் ஏலம் விட்டார்கள்.

நீ அவன் இல்லை. ஆனால் நீயும் பவுண்டரிக்குள் நின்று வேறு எதையோ பார்ப்பவன். பிளஸ் ஒன் முடிந்த லீவில் உன்னை அடிவாரத்தில் விட்டேன், ஒரு மாதம் மணல் வேலை பழகட்டும் என்று. அப்போது உலைக்கார ராசண்ணன் உருக்கிய இரும்பை ஊற்றும்போதெல்லாம் இடது பக்கம் சிந்திக்கொண்டிருந்தார். நான் கரண்டியின் மூக்கை அளந்தேன், கைப்பிடியை மாற்றினேன், தரையில் மட்டம் வைத்துப் பார்த்தேன். அவரைத் திட்டவும் செய்தேன். நீ நாலாவது நாள் என்னிடம் வந்து, “ஏனுங்க, அவருக்கு எடது கண்ணு தெரியலைங்க. நான் அந்தப் பக்கம் நின்னா திரும்பவே மாட்டேங்கறாரு” என்றாய். ராசண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “மணல் இடிக்க வந்த பய என்னையக் குருடனாக்கிட்டுப் போவான் போல” என்றார். நீ அவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு விரலை நீட்டி, “எத்தனைங்க?” என்றாய். அவர், “எதுல எத்தனை?” என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், அடுத்த வாரம் புரை எடுத்துவிட்டு வந்தார். நீ கண் பரிசோதனைப் படிப்புக்குப் போகிறேன் என்றபோது உன் அம்மா ஆச்சரியப்பட்டாள். எனக்கு ஆச்சரியம் இல்லை.

அதனால் என் கருத்தைக் கேட்டால், வேண்டாம் என்று எழுது. இதைச் சொல்லக் கூடாத ஆள் நான்தான் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, அவன் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா, பவுண்டரிய அமுக்கத்தான் இவன் அக்காளைக் கட்டினான்னு ஊரே சொல்லும்.”

“இப்ப மட்டும் சொல்லாமயா இருக்காங்க?”

“இப்ப முதுகுக்குப் பின்னால சொல்றாங்க. அப்பறம் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க.”

“நேரா சொன்னா பதில் சொல்லலாம்.”

“உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதிலு.” முறத்தைக் கீழே வைத்தாள். “அவங்கப்பன் பேரு அந்த இரும்புல இருக்குது. அவன் வெளிய போயிட்டா அந்தப் பேரு யாருக்காகங்க?”

“மிஷின் வாங்கறவங்களுக்காக” என்றேன். அது சரியான பதில்தான், ஆனால் சொன்ன நேரம் சரியில்லை. அவள் முறத்தை எடுத்து மிச்சச் சாமையையும் புடைத்து முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து, “நீங்களே அவனக் கேளுங்க. நான் கேட்டா அவன் அழுதுபோடுவான், இல்லாட்டி நான் அழுதுபோடுவேன். நீங்க கேட்டா யாரும் அழுக மாட்டோம்” என்றாள்.

எனவே கேட்கிறேன். நீ வெளியே போனாலும் உன் அப்பா பெயர் மாதிரியிலிருந்து எடுக்கப்படாது. எடுக்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. அந்த இரும்புச் சட்டத்தின் ஒவ்வொரு கனமும் உன் அப்பா சொன்ன கனம். மிஷின் கெட்டால் வந்து பிடிக்க உயிரோடு ஒரு ஆள் வேண்டும், அதற்கு, அவர் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. நீ வேண்டும் என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான், உண்மையில் வேண்டும் என்றால். உனக்குக் கற்றுக்கொடுக்க என்னால் முடியும், கத்தாமல் கற்றுக்கொடுக்க முடியுமா என்று தெரியவில்லை. எனக்குச் சம்மதம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: நீ மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த நாள் வந்து உன்னை எங்கள் கூட்டாளியாக்கிவிட்டுப் போவது. காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது, பட்டறையில் பழுதுக்கு வந்த மிஷின் வரிசையில் நிற்கிறது. எனக்கு இதற்கு மேல் காத்திருக்க நேரம் இல்லை. இனி நான் செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி, நாமக்கல் வழியாகக் கோயம்புத்தூர் வருகிறேன். கையில் இரண்டு தாள் இருக்கும். ஒன்றில் ‘ஆகிறேன்’, ஒன்றில் ‘ஆகவில்லை’. மற்றபடி இரண்டும் ஒரே மாதிரி.

2. உன் காலேஜ் வாசலில் நிற்பேன், உள்ளே வர மாட்டேன். எந்தத் தாள் என்று நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேச வேண்டியதை இங்கே எழுதிவிட்டேன்.

3. ‘ஆகவில்லை’ என்றால் திங்கட்கிழமையே அறிவிப்புக் கொடுக்கிறேன். உன் பங்கை மதிப்பிட ஆளை நீயும் உன் அம்மாவும் தேர்ந்தெடுங்கள். அவர் வரும் அன்று நான் பட்டறையில் இருக்க மாட்டேன், ஆலத்தூர் நாட்டில் பழுது வேலை இருக்கிறது.

4. ‘ஆகிறேன்’ என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆடிட்டரோடு ஒரு நாள் முழுக்க, நான் இல்லாமல், உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் கேள். அது முடியும் வரை பேங்க்காரர்களை நிறுத்தி வைக்கிறேன்.

5. இரண்டிலும் கையெழுத்துப் போடாவிட்டால், இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் நானும் உன் அம்மாவும் இந்தக் கூட்டைக் கலைத்துவிடுவோம். பேசி முடிவு செய்துவிட்டோம், தாள் தயார். கூட்டு இல்லாவிட்டால் நீ அதில் தானாகச் சேரவும் முடியாது. உலையை அணைத்துவிட்டு, வேறு பத்திரம் எழுதி, மறுபடி மூட்டுவோம். இந்தப் பருவத்துக்கு மிஷின் தாமதமாகும் என்று வாங்குகிறவர்களிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

6. எந்தத் தாளாக இருந்தாலும், எந்தத் தாளும் இல்லாவிட்டாலும், அன்று மதியம் உன்னோடு சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். எந்த மெஸ் என்று நீ சொல்.